பெஃப் பூர்கின்யோன்

பெஃப் பூர்கின்யோன் என்பது மாட்டிறைச்சியைச் சிவப்பு வைனில் நெடுநேரம் சிறுதீயில் வேகவைத்துச் செய்யப்படும் ஒரு பிரெஞ்சு உணவு ஆகும். பிரெஞ்சு மொழியில் பெஃப் என்பது மாட்டிறைச்சியையும், பூர்கின்யோன் என்பது பர்கண்டியைச் சேர்ந்தது என்னும் பொருளையும் தரும். கடினமானதும் விலை குறைந்ததுமான இறைச்சித் துண்டை மென்மையாக்கும் சமையல் முறைக்கு இது நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். வீட்டில் முதன்முறையாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றனர். இறைச்சி மிகக் கடினமாக இருக்கும் நேரத்தில், அது அளவுக்கு மீறி வெந்துவிட்டது என்று கருதி அடுப்பை அணைத்துவிடுகின்றனர்.

பெயரும் வரலாறும்

பர்கண்டி, பிரான்சின் கிழக்கு நடுப்பகுதியில் டிஜோன் நகரை மையமாகக் கொண்ட நிலப்பகுதி. 2016 முதல் இது அண்டைப் பகுதியான பிரான்ஷ்-கோந்தேயுடன் இணைக்கப்பட்டு ஒரே நிர்வாகப் பிரிவாக உள்ளது. பினோ நுவார் என்னும் திராட்சை வகையிலிருந்து செய்யப்படும் சிவப்பு வைனும், வெண்ணிறமான சரோலே இன மாடுகளும் இப்பகுதிக்குப் பெயர் தேடித் தந்தவை. இவ்விரண்டும் ஒரே பாத்திரத்தில் சேர்வதில் வியப்பில்லை.

இது இடைக்காலக் குடியானவர்களின் உணவு என்று சமையல் நூல்களில் அடிக்கடி எழுதப்படுவதுண்டு. ஆயினும் இப்பெயரிலான உணவுக்கு 19ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்துச் சான்றுகள் கிடைக்கின்றன. 1903இல் ஒகுஸ்த் எஸ்கோஃபியே வெளியிட்ட சமையல் வழிகாட்டி நூலில் உள்ள செய்முறை, இறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டாமல் ஒரே பெரிய துண்டாக வேகவைக்கச் சொல்கிறது. சிறு துண்டுகளாக வெட்டுவதே இன்று வழக்கமாக உள்ளது.

பிரான்சுக்கு வெளியே இவ்வுணவைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஜூலியா சைல்டு. சிமோன் பெக், லூயிசெத் பெர்த்தோல் ஆகியோருடன் இணைந்து அவர் எழுதிய பிரெஞ்சுச் சமையல் நூல் 1961இல் வெளிவந்தது. 1963 பெப்ரவரியில் தொடங்கிய அவரது தொலைக்காட்சித் தொடரின் முதல் நிகழ்ச்சியில் செய்து காட்டப்பட்டதும் இவ்வுணவே. அந்நூலைப் பின்னணியாகக் கொண்ட ஜூலி அண்டு ஜூலியா என்னும் திரைப்படம் 2009இல் வெளியானது.

எந்தத் துண்டு ஏற்றது

நடப்பதற்கும் பாரம் தாங்குவதற்கும் மிகுதியாகப் பயன்படும் தசைகளே இதற்குத் தேவை. தோள், கழுத்து, கெண்டைக்கால், கன்னம் ஆகிய பகுதிகளில் தசை நார்களைக் கட்டி வைக்கும் இணைப்புத் திசு மிகுந்து காணப்படும். பிரான்சில் பாலெரோன் எனப்படும் தோள்பட்டைத் துண்டு பெரிதும் விரும்பப்படுகிறது. அதன் நடுவே ஒரு வெண்மையான திசுப்பட்டை ஓடுவதை வெறுங்கண்ணாலேயே காணலாம். முதுகெலும்பின் உட்புறம் உள்ள விலை உயர்ந்த மென்தசையை இம்முறையில் சமைப்பது வீண் செலவு. அதில் கரைவதற்கு இணைப்புத் திசு இல்லாததால் மூன்று மணி நேரத்தில் உலர்ந்த நார்க்கட்டாக மாறிவிடும்.

வேகும்போது நிகழ்வது

இணைப்புத் திசுவின் முதன்மைப் பொருள் கொலாஜன் என்னும் புரதம் ஆகும். இதன் மூலக்கூறு மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது. இறைச்சியின் வெப்பநிலை ஏறத்தாழ 50 பாகை செல்சியசைத் தாண்டும்போது தசை நார்களின் புரதங்கள் இறுகத் தொடங்குகின்றன. 60 முதல் 65 பாகையில் கொலாஜன் உறை சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவது போல நார்களிலிருந்து நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. 70 பாகைக்கு மேல் கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்து, அது நீரில் கரையும் ஜெலட்டினாக மாறுகிறது. ஆனால் இம்மாற்றம் மெதுவானது, மணிக்கணக்கில் நடைபெறுவது.

இங்குதான் மேலே கூறிய தவறு நேர்கிறது. அடுப்பேற்றி ஒரு மணி நேரம் ஆகும்போது நார்கள் சுருங்கி நீரை இழந்திருக்கும். கொலாஜனோ இன்னும் கரைந்திருக்காது. ஒரு துண்டை எடுத்துக் கடித்தால் ரப்பர் போல இருக்கும். இந்நிலையில் அணைத்துவிட்டால் முழு உழைப்பும் வீணாகும். மேலும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் சென்றபின் அதே துண்டு முள்கரண்டி பட்டதும் பிரியும்.

குழம்பில் மூழ்கி வேகும் இறைச்சி ஈரத்தை இழக்காது என்று கருதுவது தவறு. அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கக்கூடும். எனினும் உண்ணும்போது உலர்ந்ததாகத் தோன்றாமைக்குக் காரணம், நார்களுக்கிடையே தங்கும் ஜெலட்டினும் கொழுப்புமே. குழம்பு உதட்டில் ஒட்டுவதும், ஆறியபின் குளிரில் கட்டிப்படுவதும் இதே ஜெலட்டினால்தான்.

பழுப்பாக வறுத்தல்

இறைச்சியை முதலில் மிகுந்த சூட்டில் வறுப்பது அதன் சாற்றை உள்ளே அடைத்து வைக்கும் என்ற நம்பிக்கை, செருமானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபோன் லீபிகின் 1847ஆம் ஆண்டு நூலால் பரவியது. 20ஆம் நூற்றாண்டில் எடை பார்த்துச் செய்யப்பட்ட சோதனைகள் இதனைப் பொய்ப்பித்தன. சுவையே வறுப்பதன் உண்மையான பயன். அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் நறுமணத்தையும் உண்டாக்குகின்றன. 1912இல் இதனை விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் லூயி காமிய் மயாரின் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது. இது விரைவாக நடைபெற ஏறத்தாழ 140 பாகை வெப்பம் வேண்டும். ஈரம் உள்ளவரை இறைச்சியின் மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது என்பதால் துண்டுகளை முன்கூட்டியே துணியால் நன்கு ஒற்றி உலர்த்த வேண்டும். பாத்திரத்தை நெருக்கமாக நிரப்பினாலும் நீர் கசிந்து, வறுபடுவதற்கு மாறாக அவியும்.

செய்முறை

ஆறு பேருக்கு 1.2 கிலோகிராம் இறைச்சி போதுமானது. அதனை 5 செண்டிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக வெட்ட வேண்டும். இதைவிடச் சிறிதாக வெட்டினால் கரைந்து உருவிழக்கும். தடித்த அடிப்பாகமுள்ள பாத்திரத்தில், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி வயிற்றிறைச்சி 150 கிராம் சிறு கீற்றுகளாக இட்டு, கொழுப்பு உருகும் வரை வதக்கி எடுத்து வைக்கப்படுகிறது. அதே கொழுப்பில் மாட்டிறைச்சித் துண்டுகள் சிறிது சிறிதாக நான்கு பக்கமும் பழுப்பாக வறுக்கப்படுகின்றன. இதற்கு மட்டும் இருபது நிமிடங்கள் ஆகும். இதனைச் சுருக்குவது குழம்பின் சுவையைச் சுருக்குவதாகும்.

பின்னர் நறுக்கிய ஒரு வெங்காயமும் ஒரு கேரட்டும் வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி மைதா தூவிக் கிளறி, ஒரு புட்டி (750 மில்லிலீட்டர்) வைன் ஊற்ற வேண்டும். அடியில் ஒட்டியுள்ள பழுப்புப் படிவை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடுவது இன்றியமையாதது. இறைச்சி மூழ்கும் அளவுக்கு எலும்புச்சாறு, ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது, இரண்டு பல் பூண்டு, தைம், பே இலை சேர்க்கப்படும். நம் கடைகளில் கிடைக்கும் பிரிஞ்சி இலை வேறொரு மரத்தின் இலை. அதன் மணம் இலவங்கப்பட்டையை ஒத்தது. அதனை இங்கு இடுவதைவிட இடாமல் விடுவதே மேல்.

மூடியிட்டு, 160 பாகை சூட்டிலுள்ள ஓவன் அடுப்பில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். சாதாரண அடுப்பாயின் குமிழிகள் ஒன்றிரண்டாக மட்டும் எழும் அளவுக்குத் தீயைக் குறைக்க வேண்டும். இருபது சிறு வெங்காயங்களும் 400 கிராம் காளானும் தனித்தனியே வெண்ணெயில் வதக்கி இறுதியில் சேர்க்கப்படும். முதலிலேயே சேர்த்தால் அவை குழைந்துவிடும். வேகவைத்த உருளைக்கிழங்கு, ரொட்டி, நூடுல்சு ஆகியவற்றுள் ஒன்றுடன் பரிமாறுவது வழக்கம்.

வைனில் உள்ள அமிலம் அலுமினியத்துடன் வினைபுரியும். ஆகையால் எனாமல் பூசிய வார்ப்பிரும்பு அல்லது துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமே ஏற்றது. இறைச்சியை முந்தைய இரவே வைனில் ஊறவைக்கும் வழக்கமும் உண்டு. ஊறல் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கே செல்லும் என்பதால் இதனைத் தவிர்த்தாலும் பெரிய இழப்பில்லை. சைல்டின் செய்முறையிலும் ஊறவைத்தல் இல்லை.

மது முழுவதும் ஆவியாகுமா?

ஆகாது. எத்தனால் 78 பாகையில் கொதிக்குமெனினும், நீருடன் கலந்த நிலையில் அது முழுமையாகப் பிரிந்து வெளியேறுவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, ஒரு மணி நேரம் கொதித்த உணவில் சேர்த்த மதுசாரத்தில் 25 விழுக்காடும், இரண்டரை மணி நேரத்துக்குப் பின் 5 விழுக்காடும் எஞ்சுகின்றன. மதுவை அறவே விலக்குபவர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். அவர்கள் எலும்புச்சாற்றுடன் இரண்டு மேசைக்கரண்டி காடி சேர்த்து இதே முறையில் சமைக்கலாம். அதுவும் நல்ல குழம்பே. பெயர் மட்டும் பொருந்தாது.

அழுத்தச் சமையற்கலனில்

பிரெஷர் குக்கரில் நீர் ஏறத்தாழ 120 பாகையில் கொதிப்பதால் கொலாஜன் விரைவில் கரைகிறது. 40 நிமிடங்கள் அளவில் இறைச்சி மென்மையாகிவிடும். விசில்களை எண்ணுவதைவிட முதல் விசிலுக்குப் பின் தீயைத் தணித்துக் கடிகாரத்தைப் பார்ப்பதே நம்பத்தக்கது. இக்கலனின் முன்னோடியை 1679இல் உருவாக்கிய தெனி பப்பென் ஒரு பிரெஞ்சுக்காரர். எலும்புகளை மென்மையாக்கி அவற்றின் சாரத்தைப் பிரித்தெடுக்கவே அவர் அதனைப் பயன்படுத்தினார் என்பதால், இவ்வுணவுக்கு அது அந்நியக் கருவி அன்று. ஆயினும் மூடிய கலனில் குழம்பு வற்றுவதில்லை. திறந்தபின் இறைச்சியை வெளியே எடுத்துவிட்டு, குழம்பைத் தனியே கொதிக்கவைத்துக் கெட்டியாக்க வேண்டும்.

மறுநாள் சூடாக்கி உண்பதையே பலரும் விரும்புகின்றனர். இரவில் குளிர்ந்த குழம்பின்மேல் கொழுப்பு படலமாக உறைவதால் அதனை எளிதில் நீக்கலாம். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமற்ற பாத்திரங்களுக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, உண்ணுமுன் நன்கு கொதிக்கும் வரை சூடாக்குதல் வேண்டும்.