வெள்ளத்துக்குத் தலை வணங்கும் புல்!

சேலத்துக்கு மேலே, சேர்வராயன் மலையில், சுமார் 5 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. தலைச்சோலை போன்ற சிற்றூர்களும் காப்பித் தோட்டங்களும் அந்த மலையில் இருக்கின்றன.

அங்கே பெருமழை பெய்தால், தண்ணீர் ஓடைகளில் பாய்ந்து இறங்கும். தடுப்பார் இல்லாவிட்டால், மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். அந்த மண் கீழே உள்ள ஏரி, குளங்களில் படிந்து அவற்றைத் தூர்த்துவிடும்.

தடுப்பது யார்? ஓடையில் முளைத்திருக்கும் புல்தான்!

கங்கை சொன்ன பதில்

மகாபாரதத்தில், சாந்தி பருவத்தில் ஒரு கதை உண்டு. "பெரிய மரங்களை வேரோடு கொண்டு வருகிறீர்கள். பிரம்பை மட்டும் ஏன் கொண்டு வருவதில்லை?" என்று நதிகளைக் கடல் கேட்டது.

"பிரம்பு வளைந்து கொடுக்கிறது. வெள்ளம் போனதும் நிமிர்ந்து விடுகிறது" என்றாள் கங்கை.

விஞ்ஞானமும் இதையே சொல்கிறது. 1940-களில் அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்தில், புல் வளர்த்த கால்வாய்களில் தண்ணீர் விட்டு என்ஜினீயர்கள் அளந்து பார்த்தார்கள்.

தண்ணீர் குறைவாக வரும்போது புல் நிமிர்ந்து நிற்கிறது. தண்ணீரை மறிக்கிறது. ஓட்டம் தளர்கிறது. கலங்கி வந்த மண் அடியில் தங்குகிறது.

வெள்ளம் பெருகினால் புல் படுத்துவிடுகிறது. பாய் விரித்தது போலத் தரையை மூடிக்கொள்கிறது. தண்ணீர் அதன்மேல் வழுக்கி ஓடுகிறது. மண் அரிப்பது குறைகிறது.

கடைமடையில் கண்ணீர்

மலையில் நண்பனான புல், சமவெளியில் பகைவன் ஆவதும் உண்டு.

1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அணையில் போதிய தண்ணீர் இருந்தால், குறுவைக்காக ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம்.

தஞ்சை வாய்க்கால்களில் சரிவு மிகக் குறைவு. தண்ணீர் மெதுவாகத்தான் ஓடும். அங்கே கோரையும் நாணலும் மண்டினால் என்ன ஆகும்? அவற்றைப் படுக்க வைக்க அந்த ஓட்டத்துக்குப் பலம் போதாது. தண்ணீர் தேங்கும். தலைமடையில் கரை வழியும். கடைமடையில் நாற்று கருகும்!

அதனால்தான் தண்ணீர் வருமுன் வாய்க்கால்களைத் தூர் வாருகிறார்கள்.

மலை ஓடையில் புல்லைச் செதுக்கினால் மண் போகும். வயல் வாய்க்காலில் புல்லை விட்டு வைத்தால் விளைச்சல் போகும். இடம் அறிந்து வளர்ப்பதும், இடம் அறிந்து அறுப்பதும் மனிதன் கையில்தான் இருக்கிறது.