கீல் வைத்த சறுக்குக் காலணி

குளிர் மிகுந்த ஆண்டுகளில் நெதர்லாந்து நாட்டின் கால்வாய்கள் உறைந்து கண்ணாடித் தளம்போல் ஆகிவிடும். அடியில் நீண்ட எஃகு அலகு பொருத்திய காலணிகளை அணிந்து, அத்தளத்தின்மேல் விரைந்து சறுக்குவதில் அந்நாட்டு மக்களுக்குப் பெருவிருப்பம் உண்டு. இவ்விளையாட்டில் தேர்ந்த பயிற்சியாளர்கள் தம் மாணவர்க்கு ஒரு பாடத்தை இடையறாது வற்புறுத்தி வந்தனர். உந்தும்போது குதிகாலை உயர்த்தலாகாது என்பதே அது.

அப்பாடம் பிழையானதன்று. பழைய காலணியில் அலகு முன்னும் பின்னும் அசையாதவாறு பிணைக்கப்பட்டிருந்தது. குதிகால் எழுந்தால் அலகின் முனை பனிக்கட்டியைக் கீறும், விரைவு குன்றும். ஆதலின், காலை முழுதும் நீட்டுமுன்னரே உந்துதலை முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆம்ஸ்டர்டாம் நகரில் உடலியக்கத்தை ஆராய்ந்த வான் இங்கென் ஸ்கேனாவ் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1980-களில் இதற்கு மாற்றுக் கண்டனர். காலணியின் முன்புறத்தில் ஒரு கீலை அமைத்தனர். பின்புறத்தைப் பிணைக்காது விட்டனர். இப்போது குதிகால் எழுந்தாலும் அலகு பனிக்கட்டியிலேயே படிந்திருக்கும். கால் எழுந்ததும் சுருள்வில் அலகை இழுத்துக் காலணியோடு சேர்க்கும். அப்போது கைதட்டினாற்போல் எழும் ஓசையால் அதற்குக் ‘கிளாப்’ காலணி என்று பெயர் வந்தது.

ஆயினும், ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னணி வீரரும் பயிற்சியாளரும் அதனை ஏற்கத் தயங்கினர். அவர்களைப் பிடிவாதக்காரர் எனப் பழித்தல் எளிது, அது நேர்மையாகாது. பல்லாண்டு பழகிய அசைவைக் கால் மறந்து, புதியதைக் கற்கக் காலம் பிடிக்கும். அதற்குள் போட்டிப் பருவம் கழிந்துவிட்டால் இழப்பு அறிஞருக்கன்று. நம்பி வந்த வீரனுக்கே. மேலும், தாம் வாழ்நாளெல்லாம் திருத்திய பிழையையே இனிக் கற்பிக்க வேண்டும் என்றால் எந்த ஆசிரியர்தாம் உடனே இசைவார்? ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்துவிட்டுக் காலணியை மாற்றுவார் உளரோ?

எனவே, இழப்பதற்கு மிகுதியாக இல்லாத இளையோரிடமிருந்தே மாற்றம் தொடங்கியது. 1994-95 பருவத்தில் தென் ஒல்லாந்து மாகாண இளைஞர் 11 பேர் புதிய காலணியுடன் களம் புகுந்தனர். பருவ முடிவில் அவர்கள் பெற்ற முன்னேற்றம் 6.2 விழுக்காடு, பழைய காலணியோடு ஓடிய இளைஞர் பெற்றதோ 2.5 விழுக்காடு. கடிகாரம் காட்டிய இக்கணக்கைப் பயிற்சியாளர்களால் புறக்கணிக்க இயலவில்லை. அடுத்து, நெதர்லாந்து மகளிர் அதனை அணிந்தனர். 1997-இல் டோனி டி யோங் என்னும் நங்கை, ஜெர்மானிய வீராங்கனை குண்டா நீமனை வென்று ஐரோப்பியப் பட்டம் பெற்றார். அதன்பின் தயங்கி நிற்பதே ஆபத்தாயிற்று.

1998-இல் ஜப்பானின் நாகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. 10,000 மீட்டர்ப் போட்டியில் நான்கு ஆண்டுகளாக அசையாதிருந்த உலகச் சாதனை 13 நிமிடம் 30.55 விநாடி. நெதர்லாந்து வீரர் கியானி ரோம்மே அத்தொலைவை 13 நிமிடம் 15.33 விநாடியில் கடந்தார். முன்னணி வீரர் அணிந்திருந்தவை கீல் வைத்த காலணிகளே. அரங்கெங்கும் அந்தக் ‘கிளாப்’ ஓசையே கேட்டது.