மணலும் வாவியும்: தன்வெப்பம் பற்றிய ஒரு விளக்கம்

சித்திரை மாதத்து நண்பகலிற் கல்லடிக் கடற்கரையில் வெறுங்காலுடன் நடப்பவர், மணலின் சூடு பொறாது நீரை நாடி விரைவர். கடல்நீரோ, மேற்கே கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் நீரோ அங்ஙனம் சுடுவதில்லை. இவை யாவற்றின்மீதும் காய்வது ஒரே ஞாயிறு. எனின், இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது?

மணலே கூடிய வெப்பத்தைப் பெற்றது என மாணவர் பலர் விடை கூறுவர். வெப்பத்தையும் வெப்பநிலையையும் ஒன்றெனக் கொள்வதால் நேரும் பிழை இது. இவ்விரண்டும் வேறானவை என 18ஆம் நூற்றாண்டிலே தெளிவுறக் காட்டியவர் யோசேப்பு பிளாக் என்னும் அறிஞர். ஒரு கிலோகிராம் பொருளின் வெப்பநிலையை ஒரு பாகை சதமம் உயர்த்த வேண்டிய வெப்பமே அதன் தன்வெப்பம் எனப்படும். நீருக்கு இது ஏறத்தாழ 4,200 யூல். உலர்ந்த மணலுக்கு ஏறத்தாழ 800 யூல்.

இவ்விரு எண்களையும் கூறியே யானும் பல்லாண்டு இப்பாடத்தை முடித்ததுண்டு. ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐந்து மடங்கு வேறுபாடுதானே, சேர்? மணல் இருபது பாகை ஏறினால் கடல் நான்கு பாகையாவது ஏற வேண்டாமா?" என்றான். அவன் வினா நியாயமானதே. தன்வெப்பம் விடையின் ஒரு பாதி. வெப்பம் செல்லும் வழி மறுபாதி.

மணலிற் பட்ட ஒளி மேற்பரப்பிலேயே தடைப்படும். மணிகளுக்கிடையே உள்ள வளி வெப்பத்தை அரிதாகவே கடத்துமாதலின், ஒரு பகலின் வெப்பம் பத்துச் சதமமீற்றர் அளவிலேயே பெரிதும் தங்கிவிடும். நீரிலோ ஒளி ஆழச் செல்லும். காற்றும் அலையும் நீரைக் கலக்கும். ஒரு சதுர மீற்றர் பரப்பை எடுத்துக்கொள்வோம். பத்துச் சதமமீற்றர் மணலின் திணிவு ஏறத்தாழ 160 கிலோகிராம். அதனை ஒரு பாகை உயர்த்த 1,28,000 யூல் போதும். ஒரு மீற்றர் ஆழ நீரின் திணிவு 1,000 கிலோகிராம். அதற்கு 42,00,000 யூல் வேண்டும். ஐந்து மடங்கு முப்பத்துமூன்று மடங்காயிற்று! அன்றியும், ஆவியாகும் ஒவ்வொரு கிலோகிராம் நீரும் ஏறத்தாழ 24,00,000 யூலைக் கவர்ந்து செல்லும். ஆழங்குறைந்த வாவியோரம் ஆழ்கடலினும் விரைந்து சூடேறுவதும் இக்கணக்கை உறுதிப்படுத்தும். அங்கே தன்வெப்பம் ஏறத்தாழ ஒன்றே, திணிவே வேறு.

பகலிற் சூடேறிய நிலத்தின்மேல் வளி எழ, கடற்காற்று உள்ளே வீசும். இரவில் மணல் வெப்பத்தை விரைந்து இழக்க, தரைக்காற்று கடல்நோக்கிச் செல்லும். தரைக்காற்றிற் பாய்விரித்துக் கடற்காற்றிற் கரைசேர்ந்த மீனவர், யூல் அறியாமலே இவ்வுண்மையை அறிந்திருந்தனர்.

ஆதலின், தன்வெப்பத்தைக் கற்பிக்கும்போது, "எவ்வளவு திணிவு? வெப்பம் எவ்வழிச் செல்கிறது?" என்னும் இரு வினாக்களையும் உடன் கற்பித்தல் வேண்டும். மனனம் செய்த எண் தேர்வுக்கு உதவும். கரையில் நிற்பவனுக்கு விளக்கந் தருவன இவ்வினாக்களே.