விலகிய பின்னும் விலங்கா?

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நேயர்களே! "பணியிலிருந்து விலகியபின் ஈராண்டு இதே தொழிலைச் செய்யேன்" என எழுதிக் கொடுத்தீர்களா? அஞ்ச வேண்டுவதில்லை.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, முறையான தொழிலைத் தடுக்கும் உடன்பாடு, அத்தடையின் அளவுக்குச் செல்லாது. நற்பெயருடன் வணிகத்தை விற்றவர்மீது நியாயமான எல்லைக்குள் விதிக்கப்படும் தடை ஒன்றே அப்பிரிவு தரும் விலக்கு.

ஒப்பந்தம் நடைமுறையில் உள்ள காலத்து நிலை வேறு. ஒரு நிறுவனத்தின் பெயரில் தொழில் நடத்த உரிமம் பெற்றவர், அக்காலத்தில் போட்டிச் சரக்கைக் கையாளாதிருக்க உடன்பட்டால், அது பொதுவாகச் செல்லும். 1995இல், குளிர்பான உரிமம் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்வாறே கூறியது. ஒப்பந்தம் முடிந்தபின்னும் நீளும் தடை செல்லாதென 2006இல் உரைத்தது.

ஆயினும், தொழில் இரகசியத்தைக் காக்கும் கடமை விலகிய பின்னும் உண்டு. கையொப்பமிடுமுன் பொருளைக் கேட்டறிக, படியொன்று பெற்றுக்கொள்க.