கணினி அடைவுகளிடையே விரைந்து செல்லும் வகை

கணினியைக் கையாள்வோருட் பெரும்பாலோர் இன்று திரையிலே தோன்றும் சிறு படங்களைச் சுட்டியினாலே தொட்டுத் தொட்டுத் தம் காரியத்தை முடித்துக்கொள்கின்றனர். கட்டளைகளை எழுத்தாற் பொறித்துப் பணிகொள்ளும் பழைய முறை அவர்க்கு வேண்டாததொன்றாகத் தோன்றலாம். ஆயினும் அம்முறை வழக்கொழிந்திலது. விஞ்ஞானக் கணிப்புச் செய்வோரும், இணையச் சேவையகங்களைப் பராமரிப்போரும், செய்நிரல் எழுதுவோரும் நாள்தோறும் கட்டளை வரியின் முன்னேதான் அமர்ந்திருக்கின்றனர். உயர்கல்வி நாடிச் செல்லும் எம் மாணவருட் பலர் முதலாம் வருடத்திலேயே அதனை எதிர்கொள்ள நேர்கின்றது. அவ்வாறு எதிர்கொள்வோர் முதலில் இடர்ப்படுவது கணித்தலில் அன்று. தாம் எங்கே நிற்கின்றோம், வேண்டிய இடத்துக்கு எவ்வாறு செல்வது என்னும் சிறு விடயத்திலேயாம். அச்சிறு விடயத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

கணினியிற் சேமிக்கப்படும் ஆவணம் கோப்பு எனப்படும். கோப்புக்களைத் தொகுத்து வைக்கும் இடம் அடைவு. படத்திரையிலே கோப்புறை எனக் காண்பதும் இதுவே. ஓர் அடைவினுள்ளே வேறு அடைவுகளும், அவற்றினுள்ளே மேலும் அடைவுகளும் இருக்கலாம். இவ்வாறு கிளைத்துச் செல்லும் அமைப்பைத் தலைகீழாய் நிற்கும் மரமாக உருவகிப்பர்: மேலே வேர், கீழே கிளைகள், நுனியிலே கோப்புக்களாகிய இலைகள். வேரிலிருந்து ஓர் அடைவு வரையுள்ள பெயர்களைச் சாய்கோட்டாற் பிரித்து வரிசையாக எழுதினால் அது அவ்வடைவின் பாதை. ஓர் ஆசிரியரின் கணினியிலே ‘ஆவணங்கள்/கல்லூரி/உயர்தரம்/2024/பௌதிகம்’ என முடியும் பாதை இருத்தல் இயல்பே. கட்டளை வரியைக் கையாள்பவர் எக்கணத்திலும் இம்மரத்தின் ஏதோ ஓர் அடைவிலே ‘நிற்பவர்’ ஆவர். வேறிடம் குறித்துச் சொல்லாவிடின் அவர் இடும் கட்டளைகள் யாவும் அவ்வடைவையே சாரும். நிற்கும் இடத்தை மாற்றும் கட்டளைக்குச் ‘சீடீ’ என்று பெயர்; அடைவை மாற்றுக என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது.

இம்மர அமைப்புப் புதியதன்று. மல்ரிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமைக்காக டேலி, நியூமன் என்னும் இருவர் 1965இல் அமெரிக்க மாநாடொன்றிற் சமர்ப்பித்த கட்டுரையிலே அது தெளிவாக வரையப்பட்டுள்ளது. மல்ரிக்ஸ் திட்டத்திலிருந்து பெல் ஆய்வுகூடம் விலகிக்கொண்ட 1969ஆம் ஆண்டிலே, அவ்வாய்வுகூடத்தினராகிய கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் யுனிக்ஸ் முறைமையை ஆக்கத் தொடங்கினர். இன்றைய லினக்ஸ் முதலியன அதன் மரபைப் பின்பற்றுவன. தொடக்கத்தில் அவர்கள் கையாண்டது பீடீபீ-7 என்னும் சிறு கணினி. அதிலே பாதைப்பெயர் என்பதே இருந்திலது. ஒரு பெயரைச் சொன்னால் அது நிற்கும் அடைவிலுள்ள பெயராகவே கொள்ளப்பட்டது. ஆதலின் வேறோர் அடைவிலுள்ள கோப்பை வேண்டியவர் முதலில் அவ்வடைவுக்குத் தாமே பெயர்ந்து செல்லவேண்டியிருந்தது.

அக்காலத்து நிகழ்ச்சியொன்றை றிச்சி 1979இற் சிட்னியிலே படித்த கட்டுரையிற் சுவைபட எடுத்துரைக்கின்றார். எம் பொருளுக்கு அஃது இன்றியமையாததாதலின் சற்று விரித்துக் கூறுவாம். பயனர் பொறிக்கும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் செய்நிரலுக்கு ஷெல் என்று பெயர். முதலில் அந்த முறைமையிலே ஒரு முனையத்துக்கு ஒரு முறைவழி மாத்திரமே இருந்தது. ஷெல்லும், அது ஏவும் கட்டளைகளும் அந்த ஒன்றினுள்ளேயே மாறிமாறி இயங்கின. பின்னர், ஒரு முறைவழி தன்னைப்போல் இன்னொன்றை ஈனும் வசதி புகுத்தப்பட்டது. அதன் பின் ஒவ்வொரு கட்டளையையும் ஷெல் ஈன்ற பிள்ளை முறைவழியே நிறைவேற்றியது. உடனே ஒரு விந்தை நிகழ்ந்தது: அடைவை மாற்றும் கட்டளை வேலை செய்யாது நின்றது! எழுதிய நிரலை எல்லாம் திரும்பத் திரும்பப் படித்தும் பிழை அகப்பட்டிலது. ஈற்றிலேதான் உண்மை புலப்பட்டது. கட்டளை பிழையின்றியே இயங்கியது. ஆனால் அது மாற்றியது தன்னை இயக்கிய பிள்ளையின் இடத்தை. பிள்ளையோ அடுத்த கணமே மறைந்தது. தாயாகிய ஷெல் நின்ற இடத்திலேயே நின்றது. இதனால் அடைவு மாற்றும் கட்டளையை மாத்திரம் பிள்ளையிடம் ஒப்படையாது ஷெல் தானே செய்யும்படி அமைத்தனர். இன்றுவரை அவ்வாறே உள்ளது. ஒருவரின் இடத்தை மற்றொருவர் பெயர்ந்து மாற்றுதல் இயலாது என்னும் இவ்விதி, பின்வந்த விரைசெலவுக் கருவிகள் எல்லாவற்றின் அமைப்பையும் நிருணயித்தது.

பாதை நீள நீள அதனைத் தட்டுதல் சலிப்பைத் தருமன்றோ? சலிப்பைப் போக்கும் உபாயங்களும் காலந்தோறும் தோன்றின. பில் ஜோய் பேர்க்லியில் ஆக்கிய சீ ஷெல், அலைக்குறி ஒன்றினாலே பயனரின் இல்ல அடைவைக் குறித்தது. அவர் கையாண்ட முனையத்தின் சாவிப்பலகையிலே அக்குறியும் ‘இல்லம்’ என்னும் சொல்லும் ஒரே சாவியிற் பொறிக்கப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம். கோண் ஷெல்லிலே ‘சீடீ’யின் பின் ஒரு சிறுகோடிட்டால் முன்பு நின்ற அடைவுக்கே மீளலாம். ‘ராப்’ சாவியை அழுத்தினாற் பாதிப் பெயரை ஷெல் நிரப்பித் தரும். இவை யாவும் நல்லனவே. எனினும் இவற்றுட் பெரும்பாலானவற்றிலே பாதையைப் பயனரே நினைவில் வைத்திருத்தல் வேண்டும். அந்நினைவையும் கணினியிடமே விட்டால் என்ன என்னும் எண்ணத்திற் பிறந்தனவே ‘ஓட்டோஜம்ப்’, ‘இசட்’ முதலிய கருவிகளும், அவற்றின் வழியிலே 2020இல் வெளியான ‘சொக்சைட்’ என்னும் கருவியும். ஈண்டு சொக்சைட்டையே எடுத்துக்கொள்வாம்.

இக்கருவி பயனர் செல்லும் அடைவுகளை எல்லாம் மறைவிலே பதிந்துகொள்கின்றது. ஓர் அடைவுக்குச் செல்லுந்தோறும் அதற்கு ஒரு புள்ளி கூடும். பின்னர் ‘இசட்’ என்னும் ஓரெழுத்துக் கட்டளையை இட்டு அடைவுப் பெயரின் ஒரு துண்டைப் பொறித்தாற் போதும். அத்துண்டுக்குப் பொருந்தும் அடைவுகளுள் மதிப்பு மிக்கது எதுவோ அதற்கு எம்மைக் கொண்டுசெல்லும். வேரிலிருந்து ஐந்தாறு படி இறங்கவேண்டிய தொலைவு ஒரு துண்டுச் சொல்லிலே கழிந்துவிடுகின்றது. இதிலே றிச்சி கூறிய விதி செயற்படுமாற்றைக் காண்க. சொக்சைட் தனியொரு செய்நிரலாதலின் ஷெல்லைத் தானே பெயர்த்தல் அதனால் இயலாது. அது செய்வதெல்லாம் பொருத்தமான பாதையைக் கண்டு சொல்லுதலே. சொன்ன பாதைக்குச் ‘சீடீ’ கொண்டு செல்வது ஷெல்லினுள்ளே முன்கூட்டிப் பொருத்தப்பட்ட ஒரு சிறு சார்பு. கருவியை நிறுவியபின் ஷெல்லின் தொடக்கக் கோப்பிலும் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்பது இது பற்றியே. அவ்வரியைச் சேர்க்காது விட்டுக் கருவி பழுது என்று முறையிடுவோர் உளர்.

மதிப்பு எவ்வாறு கணிக்கப்படுகின்றது? சென்ற தடவைகளை மாத்திரம் எண்ணினால், ஒரு காலத்தில் ஓயாது சென்று பின் கைவிட்ட அடைவே என்றும் முந்தி நிற்கும். கடைசியாகச் சென்ற நேரத்தை மாத்திரம் நோக்கினால், தற்செயலாக ஒருமுறை எட்டிப்பார்த்த அடைவு முந்திவிடும். ஆகவே பயில்வையும் அண்மையையும் சேர்த்து அளக்கின்றனர். 2008இல் வெளிவந்த பயர்பொக்ஸ் உலாவியின் மூன்றாம் பதிப்பும் முகவரிகளை இவ்வாறே வரிசைப்படுத்தியது. சொக்சைட்டின் கணக்கு எளியது. அடைவுக்குக் கடந்த ஒரு மணி நேரத்துள்ளே சென்றிருப்பின் அதன் புள்ளி 4ஆற் பெருக்கப்படும். ஒரு நாளினுள்ளாயின் 2ஆற் பெருக்கப்படும். ஒரு வாரத்தினுள்ளாயின் 2ஆல் வகுக்கப்படும். அதற்கும் முந்தியதாயின் 4ஆல் வகுக்கப்படும். எல்லா அடைவுகளின் புள்ளிகளும் சேர்ந்து 10,000ஐத் தாண்டுமாயின் யாவும் ஒரே விகிதத்திற் குறைக்கப்பட்டு, ஒன்றுக்குக் கீழே வீழ்ந்தவை பதிவிலிருந்து நீக்கப்படும். மறத்தலும் நினைவின் ஓர் உறுப்பே என்பதை இதனை ஆக்கியோர் அறிந்திருந்தனர் போலும்.

கணக்கு எளியது, அதன் விளைவோ எப்பொழுதும் எதிர்பார்த்தவாறு அமைவதில்லை. யான் பட்ட இடரையே சொல்லுகின்றேன். ‘பௌதிகம்’ என்னும் பெயரிலே எனக்கு இரண்டு அடைவுகள் இருந்தன. ஒன்று 2023இன் கீழும் மற்றது 2024இன் கீழும் அமைந்தவை. முன்னையதற்கு 40 புள்ளி. ஆயினும் அங்கே சென்று ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. பின்னையது புதிது, 6 புள்ளியே பெற்றிருந்தது. திங்கட்கிழமை முழுவதும் புதிய அடைவிலே வேலை செய்தேன். 6ஐ 4ஆற் பெருக்க 24. 40ஐ 4ஆல் வகுக்க 10. ஆகவே ‘இசட் பௌதிகம்’ என்றவுடன் புதிய அடைவுக்கே சென்றேன். சில மணி கழித்தும் 12க்கு 10 என்ற நிலையிற் புதியதே வென்றது. புதன்கிழமை இரவு மீண்டும் அதே சொற்களைத் தட்டினேன். அப்பொழுது ஒரு நாள் கடந்துவிட்டமையால் 6ஐ 2ஆல் வகுக்கப் புதியதன் மதிப்பு 3 ஆயிற்று. பழையது 10ஆகவே நின்றது. கருவி தன் விதிப்படி என்னைப் பழைய அடைவிலே நிறுத்தியது. யான் அதனைக் கவனியாது, தற்காலிக முடிவுக் கோப்புக்களை அழிப்பதாக எண்ணி அழித்தற் கட்டளையை இட்டேன். அழிந்தன முந்திய வகுப்பினர் ஒரு வருடமாகச் செய்முறையில் எடுத்த அளவீடுகள். கட்டளை வரியின் அழித்தற் கட்டளை கோப்பைக் குப்பைக்கூடையில் இட்டுவைப்பதில்லை, அழித்தது அழித்ததே. வேறொரு நினைவுக்கோலில் இருந்த பிரதியால் ஒரு பகுதி மீண்டது. மற்றது மீளவில்லை.

கருவியிற் குற்றமில்லை. அது சொல்வது விடையன்று, ஊகம் என்பதை யான் மறந்தமையே குற்றம். அன்றுதொட்டு இருபெயர் ஒத்த அடைவுகள் உள்ளவிடத்து ஒரு துண்டோடு நில்லாது ‘இசட் 2024 பௌதிகம்’ என இரு துண்டு இடுகின்றேன். துண்டுகள் பாதையிலே அதே வரிசையில் வரவேண்டும். கடைசித் துண்டு பாதையின் கடைசிப் பெயரிற் பொருந்தவேண்டும். ஆதலின் ‘இசட் 2024’ என்று மாத்திரம் இட்டாற் பௌதிகத்துக்குச் செல்லாது. ஐயமுள்ளபோது ‘இசட்ஐ’ என்று இட்டாற் பொருந்தும் அடைவுகளைப் பட்டியலாகக் காட்டித் தெரிவை எம்மிடமே விடும். இதற்குத் துணைச் செய்நிரல் ஒன்று வேண்டும். செல்லுமுன் பாதையைத் திரையில் எழுதிக்காட்டுமாறும் கருவியை அமைக்கலாம். யான் அவ்வாறே அமைத்துள்ளேன். அழித்தல், பெயர்மாற்றல் ஆகியவற்றுக்கு முன்னர் நிற்கும் பாதையை ஒருமுறை கேட்டறிதலையும் வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆசிரியர்கள் கவனிக்கவேண்டியது வேறொன்றும் உண்டு. கருவியின் பதிவு பயனர் கணக்கொன்றுக்கு ஒன்றாக அமைவது. கணினிக் கூடத்திலே மாணவர் யாவரும் ஒரே கணக்கிற் புகுவராயின், பலரின் பழக்கங்களும் ஒன்றாகக் கலந்து எவருக்கும் உதவாத கலவையாகிவிடும். அன்றியும் யாரோ சென்ற அடைவுகளின் பெயர்கள் அடுத்து வருவோர்க்குத் தெரியவரும். அத்தகைய கூடங்களில் இதனை நிறுவாதிருத்தலே நன்று. தொடக்க மாணவர்க்கும் சில மாதங்கள் ‘சீடீ’ ஒன்றையே கொடுத்தல் வேண்டும் என்பது என் கருத்து. ஒருமுறையாவது தாமே சென்று காணாத அடைவைச் சொக்சைட் அறியாது. முதற்செலவு எப்பொழுதும் கால்நடையே.

ஈற்றில், தமிழிலே அடைவுகளுக்குப் பெயரிடுவோர்க்கு ஒரு குறிப்பு. இப்பொழுது தமிழ்ப் பெயர்கள் தடையின்றி ஏற்கப்படுகின்றன. ஆனால் லினக்ஸ் பெயரை எழுத்தாகக் காண்பதில்லை, பைற்றுத் தொடராகவே காண்கின்றது. ஒருங்குறியின் வழக்கமான குறியாக்கத்திலே தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைற்று. ‘பௌதிகம்’ எமக்கு நான்கெழுத்து; அதற்கோ 21 பைற்று. பெயரொன்று பெரும்பாலும் 255 பைற்றைத் தாண்டலாகாது என்பதால் மிக நீண்ட தமிழ்த் தலைப்புக்கள் மறுக்கப்படும். இதனினும் இடர் தருவது ஔகாரம். ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் வடிவால் ஒத்தன. ஆகையால் ஔகாரக் குறியைத் தட்டவேண்டிய இடத்திலே எகரக் குறியையும் ளகரத்தையும் தட்டிவிடுவோர் மிகப்பலர். ‘பௌதிகம்’, ‘பெளதிகம்’ என்னும் இரண்டையும் திரையிற் பார்ப்பவர் வேறுபாடு காண்பது அரிது. கணினிக்கோ பின்னையது 24 பைற்றுள்ள வேறு பெயர். ஒருவர் பிழையாகப் பெயரிட்ட அடைவை மற்றொருவர் சரியாக எழுதித் தேடினால் ‘பொருந்துவது இல்லை’ என்ற விடையே கிடைக்கும். அடைவின் பெயரைத் திருத்திவிட்டு ஒருமுறை நேரே அதனுட் சென்று வருக. புதிய பெயர் பதிவாகும். பழையது கடைசியாகச் சென்ற நாளிலிருந்து 90 நாள் கழிந்தபின் பதிவிலிருந்து தானே நீங்கும்.