இருட்டு யாருக்குச் சொந்தம்?

நிலவு காயும் இரவைக் கண்டால் கவிஞனுக்குப் பாட்டு வரும். காதலனுக்கு ஏக்கம் வரும். வலைக்காரனுக்கு? கவலை வரும்!

ஏன் என்று கேட்பீர்கள். மத்திக்கும் நெத்திலிக்கும் வலை விரிக்கிறான். நிலவொளியில் வலை மீனின் கண்ணுக்குத் தெரிகிறது. மீன் விலகிப் போகிறது. மீனுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள் பலவும் இருட்டில் மேலே வருபவை. வெளிச்சம் கண்டால் ஆழத்திலேயே தங்கிவிடுபவை. இரை இறங்கினால், இரை தேடுவதும் இறங்கும்.

அமாவாசையை ஒட்டிய இரவுகளின் கதை வேறு. வலை தெரியாது. இரை மேலே வரும். மீனும் மேலே வரும். சில காலங்களில், மீன் கூட்டம் அசையும்போது ஒளிரும் நுண்ணுயிர்கள் கலைந்து கடல் மினுமினுக்கும். அந்த மினுக்கத்தைப் பார்த்தே வலையை வளைப்பவர் உண்டு. ஊர் உறங்கும் இருட்டு, உழைப்பவனுக்கு விளைச்சல் நிலம்!

நிலவு ஒளியை மட்டுமா தருகிறது? நீரையும் இழுக்கிறது. அமாவாசையிலும் பவுர்ணமியிலும் கதிரவனும் நிலவும் பூமியும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கின்றன. இரண்டு இழுப்பும் ஒன்று சேர, ஓதம் மிக உயர்ந்து மிகத் தாழ்கிறது. நீர் வடியும் வேகத்தில் கழிமுகத்து இறால் கடலை நோக்கி அடித்து வரப்படும். வழியில் வலை கட்டிக் காத்திருப்பான் நம் தோழன். நாளுக்கு நாள் ஓதம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று 6 மணிக்கு ஏறிய நீர் நாளை 6.50க்கு ஏறும். கைக்கடிகாரம் இல்லாத காலத்திலேயே இந்தக் கணக்கு அவன் கைவசம் இருந்தது.

எல்லாக் கடலுக்கும் ஒரே அளவா? இல்லை. சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் 1 மீட்டர். குசராத்தின் காம்பே வளைகுடாவில் சுமார் 10 மீட்டர். நிலவு ஒன்றுதான், கரைக்குக் கரை கணக்கு வேறு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே! அட்டமி, நவமி ஆகாத நாள் என்கிறது பஞ்சாங்கம். அதே அட்டமியில் மீனவன் என்ன காண்கிறான்? அரை நிலவு, இழுப்பு இரண்டும் வேறு வேறு திசை, நீரோட்டம் தணிந்திருக்கும், அதற்கேற்ற வலையை எடு, தூண்டிலை எடு என்கிறான். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. ஒன்று அச்சம், மற்றொன்று அறிவு! ஓதத்தின் காரணத்தை நியூட்டன் 1687இல் நூலாக்கினார். காரியத்தைக் கடலோரம் அதற்கு முன்பே கண்டிருந்தது. 1860இல் அயோத்தியாகுப்பத்தில் மீனவர் குடும்பத்திலே பிறந்த சிங்காரவேலர், பின்னாளில் தமிழனுக்கு அறிவியலை எழுதிக் காட்டியது தற்செயலா என்ன!

ஆனால் நிலவுக்குத் தெரியாததும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியபோது வானில் இருந்தது வளர்பிறை. நிலவு வழக்கம்போல் வளர்ந்தது. கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. பிறை காட்டுவது ஓதம். புயல் காட்டுவது வானிலைக் கருவி. இரண்டும் வேண்டும். எச்சரிக்கை கோட்டையில் இருந்தால் போதாது. ஆழ்கடலில் இருக்கும் படகுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.

இப்போது இன்னொரு புயல் வந்திருக்கிறது. காற்றால் அல்ல, விளக்கால்! பெரிய படகில் மின்னாக்கி ஓடுகிறது. கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன. இருட்டில் ஒளியைத் தேடி மீன் வருகிறது, கணவாய் வருகிறது, வளராத குஞ்சும் வருகிறது. சுற்றி வளைத்து மொத்தமும் அள்ளப்படுகிறது. பிறை பார்த்து, காத்திருந்து, கடன் வாங்கி எண்ணெய் ஊற்றிப் போன பைபர் படகுக்காரனுக்கு மிஞ்சுவது வெறும் வலை. இன்றைய மீன் மட்டுமா போயிற்று? அடுத்த ஆண்டு மீனும் குஞ்சாகவே போயிற்று!

சட்டம் இல்லையா? இருக்கிறது. விளக்கு வைத்து மீன் பிடிப்பதை 2017இலேயே ஒன்றிய அரசு தடை செய்தது. தடை தாளில் இருக்கிறது. விளக்கு கடலில் எரிகிறது என்று கரையோர மக்கள் முறையிடுகிறார்கள்.

நாம் கேட்பது பெரிதல்ல. முழு நிலவில் அந்த விளக்குக்கு மவுசு குறைவு; அது வேலை செய்வது இருண்ட இரவுகளில்தான். அமாவாசை எந்த நாள் என்று மீனவனுக்குத் தெரியும். சட்டத்தை மீறுபவனுக்கும் தெரியும். காவல் படகுக்கு மட்டும் தெரியாதா?

நாட்காட்டியில் நாளைக் குறியுங்கள். அந்த இரவுகளில் கடலுக்கு வாருங்கள். இருட்டு உழைப்பவனுக்குச் சொந்தம்; அதைக் களவு கொடுக்கச் சம்மதியோம்!