வெண்கலப் பரப்பின் வண்ணமும் காப்பும்

மேனாட்டுப் பெருநகர மாளிகைகள் பலவற்றின் கதவுகளும், சாளரச் சட்டங்களும், படிக்கட்டின் கைப்பிடிகளும் வெண்கலத்தால் இயன்றவை. செம்பும் வெள்ளீயமும் கலந்ததே வெண்கலம் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் கட்டடத் தொழிலில் அப்பெயர் பெறும் உலோகமொன்றில் நூற்றுக்கு 57 பங்கு செம்பும், 40 பங்கு துத்தநாகமும், 3 பங்கு காரீயமுமே உள. பெயரால் வெண்கலமாயினும் இயல்பால் அது பித்தளையே.

இவ்வுலோகம் காற்றும் ஈரமும் பட முதலில் மெருகு மங்கும். பின்னர்க் கபில நிறம் எய்தும். பல்லாண்டு மழையில் நனையின் பசுங்களிம்பு படரும். இம்மாற்றத்தை எந்நிலையில் நிறுத்துவது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பொன்னிறம் விரும்புவோர் பரப்பை மெருகிட்டுத் தெளிந்த அரக்குப் பூச்சால் மூடுவர். தொடக்கத்தில் இது மிக அழகிது. ஆயின் பூச்சிற் கீறல் விழுமேல் ஈரம் உட்புகுந்து கறை அடியிற் பரவும். அவ்விடத்தை மட்டும் திருத்துதல் அரிதாகலின், பூச்சு முழுவதையும் நீக்கிப் புதிதாய்ப் பூசல் வேண்டும்.

கபில நிறம் விரும்புவோர் கந்தகக் கூட்டுப்பொருள்களால் அந்நிறத்தை ஊட்டி, எண்ணெயோ மெழுகோ தேய்ப்பர். இஃது அடிக்கடி செய்யவேண்டுவதாயினும், தேய்ந்தவிடத்து மீண்டும் தேய்த்தல் எளிது. நியூயார்க் நகரில் 1958 ஆம் ஆண்டிற் கட்டி முடிந்த 38 மாடிச் சீகிராம் மாளிகையின் வெண்கலச் சட்டங்கள், பசுமை படராவண்ணம் காலந்தோறும் எண்ணெயிட்டுக் காக்கப்பெறுவன.

பசுமையை விரும்புவோர் அதனைக் காலத்தின் கையில் விடலாம். எனினும் கடற்கரை உப்புக்காற்றிலுள்ள குளோரைடுகள் உலோகத்தை அரிக்குமாதலின், பசுமையெல்லாம் காப்பென்று கொள்ளற்க.

பொன்னே பூசிவிடின் கவலையின்று எனலாமோ? பிளாரன்சு நகரத் திருமுழுக்கு மண்டபத்திற்கென லோரென்சோ கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை உழைத்து ஆக்கிய கதவுகளில், பாதரசத்திற் கரைத்த பொன் பூசித் தீயிற் காய்ச்சப்பெற்றது. நாளடைவில் பொன்னுக்கடியில் உப்புகள் விளைந்து, அப்பொன்னையே ஊடுருவின. 1966 இல் பெருவெள்ளமும் அவற்றைத் தாக்கியது. நெடுநாட் செப்பனிட்டபின் 2012 இல் அவை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழையுள் வைக்கப்பட்டன. பழைய வாயிலில் நிற்பது அவற்றின் படியே.

காக்கும் முறை கடினமன்று. தூசியைத் துடைத்து, காரமற்ற சவர்க்கார நீரால் மெல்லத் துணிகொண்டு கழுவி, ஈரம் புலர்த்தி, மெழுகிடுக. வீட்டுப் பாத்திரம்போற் புளியும் மணலும் இட்டுத் தேய்ப்பின் ஊட்டிய நிறமும் நுண்ணிய செதுக்கு வேலையும் ஒருங்கே அழியும்.

ஆகவே, எந்நிறம் அழகிது என்று வினவுமுன், ஆண்டுதோறும் அதனைப் பேணுதற்கு ஆளும் பொருளும் உளவோ என வினவுதல் வேண்டும். பேணுவாரற்ற பொன்னிறத்தினும் பேணப்பட்ட கபிலமே நெடிது நிற்கும்.